வெளியே போன நேரம் எழுதப்படவில்லை

1

இந்தக் கதையை நான் ரத்தம் கொடுத்து வாங்கினேன். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்த்துக்கொள்ள நான் போகும் ஆஸ்பத்திரி லேபில் ஒரு பெண் இருக்கிறாள். நாற்பது வயது. அங்கே எல்லோரும் அவளை ஊசிக்காரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவளும் கோபித்துக்கொள்வதில்லை.

அன்று என் கையில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டு, நரம்பைத் தடவித் தேடிக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள்.

"நீங்க கதை எழுதுறவர்தானே? என்கிட்ட ஒண்ணு இருக்கு. எங்க கொள்ளுத்தாத்தா குடும்பத்தை விட்டுட்டு ஓடிப்போனவர்னு தொண்ணூறு வருஷமா பேச்சு. அவர் ஓடவே இல்லைன்னு கண்டுபிடிச்சுட்டேன்."

"எப்படி?"

"அவர் வேலைக்கு வரலைன்னு எழுதி முத்திரை வச்ச காகிதம் ஒண்ணு இருந்துச்சு. அதை வச்சுத்தான். கையை ஆட்டாதீங்க."

ஊசி ஏறியதே தெரியவில்லை. வராதவன் என்று எழுதிய காகிதம் எப்படி ஓடாதவன் என்று சாட்சி சொல்லும்? பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தவன், அவளுக்குச் சாப்பாட்டு வேளை வரும்வரை எழுந்திருக்கவில்லை. எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் ரத்தம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "அந்த ஆண்டு காலரா ஊருக்குள் நுழைந்தபோது, நீரேற்று நிலையத்தின் இரும்புக் கதவுகள் கிறீச்சிட்டபடி..."

(அடித்துவிட்டேன். கிறீச்சிடும் கதவில் தொடங்கும் கதைகளை நானே இரண்டாம் பத்திக்குமேல் படிப்பதில்லை.)

இரண்டாம் தொடக்கம்: "அவள் சிரித்தால் தெருவே நின்று பார்க்கும். அவனும் நின்று பார்த்தான். அதுதான் அவன் செய்த..."

இதை எழுதி முடிக்காமலே ஊசிக்காரியிடம் காட்டினேன். சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டுப் படித்தாள்.

"யாரு இந்தப் பொம்பளை?"

"உங்க கொள்ளுத்தாத்தா ஒருத்தி பின்னால போயிட்டாருன்னு தெருவுல பேசினாங்கன்னு சொன்னீங்களே. அந்த வதந்திக்கு ஒரு முகம் வேணாமா?"

"இல்லாத பொம்பளையைத் தெருவே பார்த்து முடிச்சாச்சு. நீங்க வேற அவளுக்குப் பூ வச்சு விடாதீங்க."

மூன்றாம் தொடக்கம்தான் நீங்கள் படித்துக்கொண்டிருப்பது. ரத்தம், ரப்பர் பட்டை, பஞ்சு. பொய் இல்லாத தொடக்கம் இது ஒன்றுதான் என்பதால் அவள் அனுமதித்தாள்.

* இங்கே ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லி வைத்துவிடுகிறேன். பின்னால் திடீரென்று எடுத்தால், மடியில் ஒளித்து வைத்திருந்தேன் என்பீர்கள். சில வருடங்களுக்கு முன் தொற்றுநோய் பரவியபோது லேப் ஊழியர்களை ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயே தங்க வைத்தார்கள். ஊசிக்காரி இருபத்து மூன்று நாள் வீட்டுப் பக்கமே போகவில்லை. விரல் வைக்கும் இயந்திரமோ மெயின் கேட்டில் இருந்தது. எல்லாம் முடிந்தபின் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: 'இருபத்து மூன்று நாட்கள் அனுமதியின்றிப் பணிக்கு வராததற்கு விளக்கம் தரவும்.' அவள் எழுதிய விளக்கம் ஒரே வரி: 'நான் வெளியே போகவில்லை, அதனால் உள்ளே வரவில்லை.' அந்தக் கடிதத்தின் நகல் இன்றும் அவள் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

3

ஊசிக்காரியின் பெரியப்பா கோர்ட்டில் நாற்பது வருடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தாறு வயது. காகிதத்தில் இருந்தால்தான் நம்புவார். வெளியே மழை பெய்கிறது என்றால் ஜன்னலைப் பார்க்காமல் பேப்பரைப் பார்க்கிற ஆள் என்று வீட்டில் கிண்டல் உண்டு.

ஓய்வுக்குப் பின் அவர் பிடித்துக்கொண்டது குடும்ப மரம். மேசை அளவு காகிதத்தில் ஏழு தலைமுறை; ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டம்; வட்டத்துக்குள் பெயர், கீழே பிறப்பு, இறப்பு, ஒரு வரிக் குறிப்பு. குடும்பம் முழுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவதாகவும், வீட்டுக்கு ஒரு பிரதி கண்ணாடி போட்டுக் கொடுப்பதாகவும் ஏற்பாடு. அதற்குச் சனிக்கிழமை மதியத்துக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

அந்த மரத்தில் ஒரே ஒரு வட்டம் காலியாக இருந்தது. அது பெரியப்பாவின் சொந்தத் தாத்தா, அப்பாவைப் பெற்றவர்.

"பெரியப்பா, பேராவது போடுங்க," என்றாள் ஊசிக்காரி, அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை.

"எதுக்கு?"

"அவர் இல்லாம நீங்க எங்கிருந்து வந்தீங்க? வானத்துல இருந்து குதிச்சீங்களா?"

"பெத்தவன் வேற, அப்பன் வேறம்மா. ஆறு வயசுப் பையனையும் கைக்குழந்தையையும் விட்டுட்டுப் போனவனுக்கு நம்ம வீட்டுச் சுவத்துல இடம் கிடையாது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்கப்பா ஸ்கூல் படிவத்துல அப்பா பேர் எழுதுற இடத்துல மாமா பேரை எழுதினவர். கல்யாணப் பத்திரிகையிலயும் மாமா பேருதான். என்னை ஸ்கூல்ல சேர்க்கப் போனப்போ வாத்தியார், 'தாத்தா என்ன வேலை பார்த்தார்'னு சும்மா ஒரு வார்த்தை கேட்டார். எங்கப்பா முகத்தை அன்னிக்குப் பார்த்தேன். அதுக்கப்புறம் அந்தக் கேள்வியை வாழ்க்கைல நான் கேட்டதில்ல."

(இந்த இடத்தில் பெரியப்பாவின் கண் கலங்கியது என்று எழுதியிருந்தேன். 'கலங்கல. கண்ணாடியைத்தான் ரொம்ப நேரம் துடைச்சார்' என்று திருத்தம் வந்தது.)

"தெருவுல பேசினதை வச்சு எப்படிப் பெரியப்பா..."

"தெருப்பேச்சு இல்ல. எழுத்து இருக்கு."

அலமாரியைத் திறந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்தார். உள்ளே மடிப்பில் கிழிந்த பழுப்புக் காகிதம். ஊர்த் தண்ணீர் விநியோக அலுவலகத்தின் முத்திரை. கேட் குமாஸ்தாவின் கையெழுத்து. 'மேற்படி நபர் இம்மாதம் நான்காம் தேதி முதல் பணிக்கு வரவில்லை.' தாத்தா காணாமல் போன நான்காம் நாள் அவருடைய மனைவி அந்த கேட்டுக்கே போய், கேட்டு எழுதி வாங்கிய காகிதம் அது. தன் அண்ணன் வாய்வார்த்தையை நம்பமாட்டான் என்று அந்த அம்மாளுக்குத் தெரியும். பெரியப்பாவுக்கு அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இப்போது தெரிகிறது.

"இதுக்கு எதிரா ஒரு காகிதம் கொண்டா," என்றார் பெரியப்பா. "இதே மாதிரி முத்திரையோட. வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டு வா, என் கையாலயே பேரை எழுதறேன். இல்லேன்னா வட்டம் காலியாத்தான் அச்சாகும்."

4

தண்ணீர் விநியோக அலுவலகம் இன்றும் அதே கட்டடத்தில்தான் இருக்கிறது. பின்பக்கம், உடைந்த மீட்டர்கள் குவிந்த தாழ்வாரத்தைத் தாண்டினால் ஆவண அறை. அதைப் பார்த்துக்கொள்பவருக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது. தூசி ஒத்துக்கொள்ளாதவரை ஆவண அறையில் போட்ட புண்ணியவான் யார் என்று தெரியவில்லை. அலுவலகத்தில் அவருக்குத் தும்மல் என்று பெயர்.

* தும்மலை நான் முதலில் சிடுமூஞ்சியாக எழுதினேன். ஆவண அறைக்காரர் என்றால் விரட்ட வேண்டும், அலைக்கழிக்க வேண்டும், கடைசியில் மனம் இளக வேண்டும் என்று ஒரு வாய்ப்பாடு இருக்கிறதே. உண்மையில் அந்த மனிதர், வருடத்துக்கு ஒருவர் வந்து தன்னிடம் எதையாவது கேட்கமாட்டாரா என்று ஏங்கிக் கிடந்தவர். ஊசிக்காரிக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, தனக்கு மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டார்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் வேறு ஊர்க் குழாய்களின் வரைபடம்தான் கிடைத்தது. புதன்கிழமை பதினொரு மணிக்கு, ஏணியின் உச்சியிலிருந்து, "அந்த வருஷத்து கேட் ரிஜிஸ்டர்!" என்று ஒரு குரலும் மூன்று தும்மலும் வந்தன.

கனமான புத்தகம். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம். பெயர், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம். ஊசிக்காரி நான்காம் தேதிக்குப் போனாள். கொள்ளுத்தாத்தாவின் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் 'வரவில்லை'. ஐந்தாம் தேதி வரவில்லை. ஆறு, ஏழு. அடுத்த மாதத்துக்கும் போனாள். மொத்தம் நாற்பத்திரண்டு முறை சிவப்பு மை.

"கிடைச்சுதாம்மா?" என்று கீழே இறங்கி வந்தார் தும்மல்.

"கிடைச்சுது சார். கிடைக்காமலே இருந்திருக்கலாம்."

பெரியப்பாவின் காகிதம் பொய்யாக இருக்கும், எவனோ லஞ்சம் வாங்கி எழுதியிருப்பான் என்றெல்லாம் கற்பனை செய்து வந்திருந்தாள். பொய்யில்லை. நாற்பத்திரண்டு நாளும் ஒரே கை, ஒரே நேர்மை. சிறுவயதில் பள்ளியில் குடும்பப் படம் வரையச் சொன்னபோது தாத்தாவின் அப்பா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மரத்தை வரைந்தவள் அவள். அந்த மரத்தை இனி அழிக்க முடியாது என்று தோன்றியது.

(இந்த இடத்தில் ஒரு மழை பெய்ய வைக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம். தூசியே போதும்.)

தோற்றாலும் ஒழுங்காகத் தோற்க வேண்டும் என்று, பெரியப்பாவிடம் காட்டுவதற்காக ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுக்கத் தொடங்கினாள். ஒரு நாள் முன்னாலிருந்தே எடுப்போம் என்று மூன்றாம் தேதியைத் திருப்பினாள். அங்கே பெயர் இருந்தது. உள்ளே வந்த நேரம், காலை ஐந்து ஐம்பது. வெளியே போன நேரம்...

எழுதப்படவில்லை.

மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். அந்தப் பக்கத்தில் மற்ற எல்லோருக்கும் இரண்டு கட்டமும் நிரம்பியிருந்தன. வேகமாகப் புரட்டிக் கடைசி சிவப்பு மையின் மறுநாளுக்குப் போனாள். அங்கே உள்ளே வந்த நேரம் காலி. வெளியே போன நேரம் மட்டும், மாலை நான்கு பத்து.

ஊசிக்காரி சிரிக்க ஆரம்பித்தாள். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். தும்மல் பயந்துபோய் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"சார், ஒருத்தர் மூணாம் தேதி உள்ள வர்றாரு. வெளிய போகலை. அப்புறம் நாற்பத்திரண்டு நாள் வரலைன்னு எழுதியிருக்கு. நாற்பத்து மூணாம் நாள் உள்ள வராமலே வெளிய போறாரு. எங்க இருந்திருப்பாரு?"

தும்மல் வாயைத் திறந்தார். தும்மல்தான் வந்தது. அதை முடித்துவிட்டு, "உள்ளயா?" என்றார்.

"உள்ளதான் சார்! வெளிய போகாதவன் எப்படி உள்ள வருவான்? எனக்கே இப்படி ஒரு மெமோ வந்துச்சு!"

5

இந்த இடத்தில் நான் ஒரு வில்லனைக் கொண்டுவந்தேன். கேட் குமாஸ்தாவுக்குக் கொள்ளுத்தாத்தாவின் மேல் பழைய பகை என்று இரண்டு பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. ஊசிக்காரி படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"அந்த ஆள் பாவம் சார். கேட்ல உக்காந்தவருக்கு கேட்டைத் தாண்டினவங்க கணக்குதான் தெரியும். எனக்கு மெமோ அனுப்பின பொண்ணும் நல்ல பொண்ணுதான். இப்பவும் சேர்ந்துதான் டீ குடிக்கிறோம்."

ஆக, வில்லன் இல்லாமல்தான் சொல்ல வேண்டும். தும்மல் பிறகு தேடி எடுத்துத் தந்த காகிதங்களின்படி நடந்தது இது. ஊரில் காலரா. குடிநீரைச் சுத்தம் செய்யும் இடத்துக்கு நோய் போய்விடக் கூடாது என்று பொறியாளர் ஓர் உத்தரவு போட்டார்: நீரேற்று நிலையத்துக்குள் ஆறு பேர் தங்க வேண்டும், நோய் அடங்கும்வரை யாரும் வெளியே வரக் கூடாது, சாப்பாடு ஜன்னல் வழியாகக் கயிற்று வாளியில் போகும். ஆறு பேரின் வீட்டுக்கும் சேவகன் நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும். உத்தரவோடு ஆறு பெயர்கள் கொண்ட பட்டியலும் இருந்தது.

உள்ளே போக வேண்டிய மூன்றாம் தேதி காலையில் அந்த ஆறு பேரில் ஒருவருக்குக் காய்ச்சல். கொள்ளுத்தாத்தாவோ ஊரின் மறுகோடியில் வால்வு திறந்து மூடும் வேலையில் இருந்தவர். வழக்கம்போல கேட்டில் பெயர் கொடுத்துவிட்டுப் போக வந்தவர், "நான் போறேன்" என்று உள்ளே போனார். கதவைச் சாத்தினார்கள். ஆள் மாறியது, பட்டியல் மாறவில்லை. சேவகன் பட்டியல்படி ஆறு வீட்டுக்கும் போனான். ஆறாவது வீட்டில், நீரேற்று நிலையத்துக்குள் இருப்பதாகச் சொல்லப்பட்ட ஆளே போர்வையைப் போர்த்திக்கொண்டு கதவைத் திறந்திருக்கிறார். கேட் ரிஜிஸ்டரில் அந்தக் காய்ச்சல்காரர் பெயருக்கு நேராக, மற்ற ஐந்து பேருக்கும் போலவே, மூன்றாம் தேதி முதல் 'உள்ளே தங்கல்' என்று இருக்கிறது.

("நான் போறேன்" என்று அவர் சொன்னதற்குச் சாட்சி இல்லை. 'பதில் ஆள், தன் விருப்பத்தின் பேரில்' என்று பொறியாளரின் குறிப்பேட்டில் ஒரு வரி இருக்கிறது. வாயில் வார்த்தையை வைத்தது நான். இந்த ஒரு பொய்யை ஊசிக்காரி மன்னித்தாள்.)

வீட்டில் இருந்த அம்மாளுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் நாள் கேட்டுக்கு வந்தாள். குமாஸ்தா ரிஜிஸ்டரைப் பார்த்து, உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார். அவர் எழுதிக்கொண்டிருந்த மேசைக்கும் புருஷன் நின்றிருந்த இடத்துக்கும் நடுவில் ஒரு மைதானம்தான் இருந்தது. பத்து நாளில் அண்ணன் வந்து தங்கையையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அவனுக்குச் சாலை போடும் வேலை. ஆறு மாதத்துக்கு ஓர் ஊர், கூடாரத்தில் குடித்தனம். 'எங்கே போறோம்னு யார் கேட்டாலும் சொல்லாதீங்க' என்று அந்த அம்மாள் தெருவில் சொல்லிவிட்டுப் போனாளாம். அதைக் குடும்பத்தில் பெருமையாகவே சொல்லி வந்திருக்கிறார்கள்.

6

"பெரியப்பாவுக்குக் காலிக் கட்டம் போதாது சார். எழுதின கட்டம் வேணும்," என்றாள் ஊசிக்காரி. தும்மலுக்கு வேகம் வந்துவிட்டது. வியாழக்கிழமை அவர் மூக்கில் இரண்டு துண்டு கட்டிக்கொண்டு வந்தார்.

நீரேற்று நிலையத்துக்கென்று தனியாக ஒரு குறிப்பேடு இருந்தது. மணிக்கொரு தரம் அழுத்தம் எவ்வளவு என்று பார்த்து எழுதி, பக்கத்தில் பார்த்தவர் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றாம் தேதி காலை ஆறு மணிக்குக் கொள்ளுத்தாத்தாவின் முதல் கையெழுத்து. காலை முறை எப்போதும் அவருடையது, ஆறிலிருந்து இரண்டு வரை. உள்ளே போன நாள் முதல் வெளியே வந்த நாள் வரை ஒரு மணி நேரம் விடுபடவில்லை. வெளியே ஊர் வாந்தியும் பேதியுமாகச் செத்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கங்களில் நல்ல தண்ணீர் மணிக்கு மணி போய்க்கொண்டிருந்தது. ஊசிக்காரி ஒவ்வொரு கையெழுத்தாக விரலை வைத்து எண்ணினாள். எண்ணி முடித்ததும் தும்மலின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பிறகு தும்மல் கொள்ளுத்தாத்தாவின் பணி ஃபைலைக் கொண்டுவந்து வைத்தார். அதில் விடுப்பு விண்ணப்பங்கள் இருந்தன. வெளியே வந்த மறுவாரமே முதல் விண்ணப்பம்: 'என் மனைவி, மகன், மகள் இருக்குமிடம் தெரியாததால் தேடிச் செல்லப் பத்து நாள் விடுப்பு வேண்டுகிறேன்.' அடுத்த வருடம் அதே வரி. அதற்கடுத்த வருடமும். பதினொரு வருடம், பதினொரு விண்ணப்பம், ஒவ்வொன்றிலும் ஒரு புது ஊர். ஊர்ப் பெயரைத் தவிர ஒரு வார்த்தை மாறவில்லை, மகனும் மகளும் அந்தத் தாள்களில் வளரவே இல்லை.

நான்காம் வருடம் அவர் தேடிப்போன ஊரில்தான் அண்ணனின் கூடாரம் இருந்தது. அது குடும்ப மரத்துக்காகப் பெரியப்பாவே எழுதி வைத்த குறிப்பில் இருக்கிறது. இரண்டு மாதம் முன்னால்தான் அங்கிருந்து கிளம்பியிருந்தார்கள்.

அதைப் படித்தபோது ஊசிக்காரி அழுதாள். தும்மலும் கண்ணைத் துடைத்துக்கொண்டார், தூசியினால் என்றார்.

7

வெள்ளிக்கிழமை. அவள் முத்திரை வைத்த நகல்களோடு போனாள். பெரியப்பா ஒவ்வொன்றாகப் படித்து, அடுக்கி, விளிம்பைத் தட்டி நேராக்கினார்.

"நகல் சரி. அசல் பார்க்கணும்."

"நாளைக்கு மதியம் அச்சகத்துக்குப் போகணும் பெரியப்பா!"

"இப்ப மணி பதினொண்ணுதானே ஆகுது. ஆட்டோ கூப்பிடு."

குடும்ப மரத்தைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு பெரியப்பா ஆவண அறைக்குள் நுழைந்தார். தும்மல் எழுந்து நின்றார். இரண்டு மணி நேரம் கிழவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கையெழுத்தையும் கையெழுத்தையும் ஒப்பிட்டார். தன் பழுப்புக் காகிதத்தை எடுத்து கேட் ரிஜிஸ்டரின் பக்கத்தில் வைத்து, அதே கை என்று தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு ஃபைலைத் திருப்பிப் போட்டார்.

"என்ன தேடுறீங்க?" என்றாள் ஊசிக்காரி.

"பதினோரு லீவு லெட்டர். பன்னிரண்டாவது எங்க? மாற்றல் உத்தரவு வந்தா அதைப் பின்னட்டையோட சேர்த்துக் குத்துவாங்க. நாங்களும் அப்படித்தான் செய்வோம். முன்னாடியிருந்து படிக்கிறவங்களுக்கு அது ஆப்டாது."

துருப்பிடித்த குண்டூசியில், பின்னட்டையோடு ஒட்டிக்கிடந்த தாளை நகத்தால் மெல்லப் பிரித்தார். பன்னிரண்டாம் வருடம் கொள்ளுத்தாத்தா விடுப்புக் கேட்கவில்லை. ஒரு சின்ன ஊரின் நீரேற்று நிலையத்துக்கு மாற்றல் கேட்டிருந்தார், பதவி ஒரு படி குறைந்தாலும் சம்மதம் என்று. கீழே, 'அனுமதிக்கப்பட்டது.'

பெரியப்பா ஊரின் பெயரை வாசித்தார். மறுபடி வாசித்தார்.

"இது எங்க ஊரும்மா," என்றார். "எங்கப்பாவோட மாமா வேலையை விட்டுட்டு வீடு கட்டின ஊர். நான் பொறந்த ஊர்."

தும்மல் மூக்கைப் பிடித்துக்கொண்டு அடக்கினார்.

"காலைல ஆறு மணிக்குக் குழாய்ல தண்ணி வரும்," என்றார் பெரியப்பா. "ஆறுன்னா ஆறு. எங்கப்பா அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் கடிகாரத்தைச் சரி பண்ணுவார். 'பம்ப் ஹவுஸ்காரன் ஒருத்தன்தான்டா இந்த ஊர்ல ஒழுங்கானவன்'னு சொல்லுவார்."

"உங்களுக்கு அவரை நினைவிருக்கா பெரியப்பா? நீங்க சின்னப் பிள்ளையா இருந்தப்போ அவர் அங்கதானே இருந்திருப்பாரு?"

கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நினைவிருக்குன்னு சொல்ல ஆசையா இருக்கு. ஆனா பொய்ச்சாட்சி சொல்ல மாட்டேன்."

மரத்தை மேசைமேல் விரித்தார். சுருண்டு சுருண்டு வந்த மூலையைத் தும்மல் கேட் ரிஜிஸ்டரைத் தூக்கி வைத்து அமுக்கினார். பெரியப்பா பேனாவைத் திறந்து, காலி வட்டத்தில், முத்து முத்தான கோர்ட் எழுத்தில் தன் தாத்தாவின் பெயரை எழுதினார். அதிலிருந்து தன் அப்பாவின் வட்டத்துக்கு ஒரு கோடு இழுத்தார். போதாது என்று அதன் மேலேயே இன்னும் இரண்டு முறை இழுத்தார். கீழே குறிப்பு என்ற இடத்தில் பேனா நின்றது. மற்றவர்களுக்கு 'வணிகர்', 'ஆசிரியர்' என்றெல்லாம் எழுதியிருந்தவர், இங்கே இரண்டே சொல் எழுதினார்.

'பணியில் இருந்தார்.'

ஞாயிற்றுக்கிழமைக்கு என்னை யாரும் அழைக்கவில்லை; கதை எழுதுகிறவன் என்ற உரிமையில் போய் நின்றேன். வாடகை மண்டபத்தில் அறுபது பேர். பெரியப்பா, நான்கு பேர் தடுத்தும் கேளாமல், நாற்காலியின்மேல் ஏறினார். பழுப்புக் காகிதத்தை ஒரு கையிலும் குறிப்பேட்டு நகலை இன்னொரு கையிலும் தூக்கிப் பிடித்து, கணீரென்ற குரலில், "தொண்ணூறு வருஷ வழக்கு. குற்றம் சாட்டினவங்க நாம. தப்பும் நம்ம பேர்லதான். எங்க தாத்தா நிரபராதி!" என்றார். மண்டபம் அதிர்ந்தது. விசில் அடித்தவர் தும்மல் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஊசிக்காரியைப் பெரியப்பா நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்து நிறுத்தி, "எதிர்த்தரப்பு வக்கீல்" என்று அறிமுகம் செய்தார். அவள் அன்று அழகாக இருந்தாள், ஜெயித்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் இருப்பார்கள்.

8

இங்கே நிறுத்தியிருக்கலாம். விசிலோடு முடிந்தால் யாருக்குக் கசக்கும்? ஆனால் உங்களுக்கும் எனக்கும் ஒரே கேள்விதான் உறுத்துகிறது. மாற்றல் வாங்கி வந்தவர், அந்த வீட்டுக் கதவைத் தட்டினாரா?

முதல் முடிவு: தட்டினார். பதினெட்டு வயது மகன் கதவைத் திறந்து, "யார் வேணும்?" என்று... (இதற்கு மேல் பேனா ஓடவில்லை. அவர் என்ன பதில் சொன்னாலும் சின்னதாகப் போய்விடுகிறது.)

இரண்டாம் முடிவு: தட்டவில்லை. தண்ணீர் அனுப்பினார், அவ்வளவுதான். ("கோழைன்னு சொல்றீங்களா?" என்றாள் ஊசிக்காரி. அடித்துவிட்டேன்.)

மூன்றாம் முடிவு: அந்த அம்மாளுக்குத் தெரியும். சந்தையில் ஒருநாள் நேருக்கு நேர் பார்த்துவிட்டாள். தான் எழுதி வாங்கிய காகிதத்தின்மேல் கட்டிய வாழ்க்கையைப் பிரிக்க மனமில்லாமல், தினமும் காலையில் முதல் ஆளாகக் குழாயடியில் போய் நின்று... (எனக்குப் பிடித்த முடிவு இது. ஊசிக்காரி இரண்டு முறை படித்தாள். பிறகு, "சாட்சி இருக்கா?" என்றாள். பெரியப்பாவின் ரத்தம்.)

சாட்சி இருப்பது ஒன்றே ஒன்றுக்குத்தான். தும்மல் அந்த ஊர் அலுவலகத்துக்குப் போன் போட்டு, தன்னைப் போலவே ஏங்கிக் கிடந்த இன்னொரு ஆவண அறைக்காரரைப் பிடித்து, கொள்ளுத்தாத்தா அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாளின் கேட் பக்கத்தை நகலெடுத்து வாங்கித் தந்தார். அது இப்போது என் மேசைமேல் இருக்கிறது. உள்ளே வந்த நேரம், காலை ஐந்து நாற்பது. குறிப்பேட்டின்படி ஆறு மணிக்குத் தண்ணீர் திறக்கப்பட்டது. வெளியே போன நேரம், பிற்பகல் இரண்டு பத்து. இந்த முறை யாரோ மறக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

அந்த கேட்டிலிருந்து மாமா கட்டின வீட்டுக்கு எட்டு நிமிட நடை. நானே போய் நடந்து பார்த்தேன். தெருமுனையில் ஒரு குழாய், அதைத் தாண்டி நான்காவது வீடு, இரண்டு படி, ஒரு மரக்கதவு.

மணி இரண்டு பதினெட்டு. அவரைப் படிவரை கொண்டுவந்து விட்டேன். கதவுக்கு முன்னால் நிற்கிறார், கையை உயர்த்துகிறார். கதவின் அந்தப் பக்கம் இருப்பவர் இனி நீங்கள்தான்.